பிழையான பெயரோடு வந்த காசு: வாசகர் கேள்வி பதில்

இந்த மாதம் எனக்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விசயத்தைப் பற்றியவை. தரம் பார்க்க வெளிநாட்டுக்கு அனுப்பிய பழைய நாணயம் இன்னும் வரவில்லை, அல்லது வந்த பெட்டியில் ஏதோ பிழை. மற்றக் கேள்விகளை அடுத்த மாதத்துக்கு வைத்துவிட்டு இந்த முறை இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

புதிதாக வாசிப்பவர்களுக்காகச் சின்ன விளக்கம். பழைய காசைத் தரம் பார்க்கும் நிறுவனங்களுக்கு அனுப்பினால், அது அசல்தானா என்று பார்த்து, 1 முதல் 70 வரை ஒரு புள்ளி போட்டு, கெட்டியான பிளாஸ்டிக் பெட்டிக்குள் அடைத்துத் திருப்பி அனுப்புவார்கள். அந்தப் பெட்டியைத்தான் நாங்கள் ஸ்லாப் என்கிறோம். 70 புள்ளி அளவுகோலை 1949இல் வில்லியம் ஷெல்டன் என்ற அமெரிக்கர் தன் நாட்டின் பழைய செப்புச் சதங்களுக்காக வகுத்தார். இன்று பெயர் பெற்ற இரண்டு நிறுவனங்களில் பிசிஜிஎஸ் 1986இலும் என்ஜிசி 1987இலும் வேலை தொடங்கின. இரண்டும் அமெரிக்காவில் இருப்பவை. இலங்கையில் இருந்து அனுப்புகிறவர்களில் பெரும்பாலானோர் ஒரு முகவரிடம் கொடுத்துத்தான் அனுப்புகிறோம். வரும் சிக்கல்களில் பாதி அந்தத் தூரத்தால் வருவது.

கேள்வி: ஐயா, 2009 தொடக்கத்தில் வீட்டை விட்டு வெளிக்கிடும்போது என் கணவர் தான் சேர்த்த காசுகளை ஹோர்லிக்ஸ் போத்தலில் போட்டு வளவுக்குள் தாட்டுவிட்டு வந்தார். மீள்குடியேறி வந்த பிறகு தோண்டி எடுத்தோம். அவர் இப்போது இல்லை. கனடாவில் இருக்கும் மகன் ஆசைப்பட்டதால் நான்கு காசுகளைக் கொழும்பு முகவர் ஒருவர் மூலம் அனுப்பினேன். இரண்டு சரியாக வந்தன. 1955ஆம் ஆண்டு 2 சதத்துக்கு லேபிளில் 1957 என்று போட்டிருக்கிறார்கள். 1943ஆம் ஆண்டு 50 சதத்துக்குப் புள்ளியே இல்லை, ‘சுத்தம் செய்யப்பட்டது’ என்று எழுதியிருக்கிறார்கள். இரண்டுமே அவர்களின் பிழை, சண்டை பிடிக்க வேண்டும் என்கிறான் மகன். என்ன செய்ய?
(வாசகி, புதுக்குடியிருப்பு)

பதில்: தங்கச்சி, உங்கள் கடிதத்தோடு வந்த படங்களைப் பார்த்து ஒரு முடிவுக்கு வர முடியவில்லை. அதனால்தான் போன மாதம் மாங்குளத்தில் பஸ் ஏறி, ஒட்டுசுட்டான் ஊடாக உங்கள் வீட்டுக்கு வந்தேன். மற்ற வாசகர்களுக்கும் உதவும் என்று பார்த்ததை எழுதுகிறேன்.

முதலில் 2 சதம். எலிசபெத் ராணியின் தலையும் பூவிதழ் போல வளைந்த விளிம்பும் உள்ள அந்தக் காசு 1955, 1957 ஆகிய இரண்டு வருடங்களையும் தாங்கி வந்திருக்கிறது. உங்களுடையதில் கடைசி இலக்கம் சந்தேகமில்லாமல் 5. ஆகவே லேபிள் பிழைதான். இப்படிப்பட்ட எழுத்துப் பிழைகளை அந்தத் துறையில் ‘மெக்கானிக்கல் எரர்’ என்பார்கள். வருடம், நாடு, பெறுமதி மாறிப்போவது, காசு தலைகீழாக அடைபட்டுப் போவது எல்லாம் இதற்குள் வரும். இதைத் திருத்திக் கொடுப்பது நிறுவனத்தின் வேலை. பிழை அவர்களுடையது என்றால் புதிய லேபிளுக்குக் கட்டணம் கேட்க மாட்டார்கள்.

ஆனால் பிழை அவர்களுடையதுதானா என்று முதலில் பார்க்க வேண்டும். முகவரிடம் கேட்டு, காசோடு போன விண்ணப்பப் படிவத்தின் பிரதியை எடுங்கள். அதில் 1955 என்று எழுதியிருந்தால் நியாயம் முழுவதும் உங்கள் பக்கம். அதிலேயே 1957 என்று இருந்தால், எழுதியவரின் கை தவறியதை அங்கே இருந்தவர் பார்க்காமல் தட்டச்சு செய்திருக்கிறார். அப்போதும் திருத்துவார்கள். ஆனால் கடிதத்தின் தொனி வேறாக இருக்க வேண்டும்.

அப்புறம், லேபிளில் ஒரு சான்றிதழ் இலக்கம் இருக்கிறது. மகனிடம் சொல்லி நிறுவனத்தின் தளத்தில் அந்த இலக்கத்தைப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். தளத்திலும் 1957 என்றுதான் இருக்கும் என்று நினைக்கிறேன். அந்தப் பக்கத்தை அப்படியே படம் எடுத்து வையுங்கள். பின்னர் காசின் இரண்டு பக்கமும், லேபிளும் தெளிவாகத் தெரியும் மூன்று படங்களோடு எழுதுங்கள். எழுதுவது நாலு வரி போதும்: ‘இந்த இலக்கமுள்ள ஸ்லாப்பில் இருக்கும் காசு 1955ஆம் ஆண்டுக்குரியது. லேபிளில் 1957 என்று உள்ளது. படங்களை இணைத்திருக்கிறேன். திருத்துவதற்கு ஸ்லாப்பை எப்படி அனுப்ப வேண்டும், போக வரத் தபால் செலவை யார் ஏற்பது என்று அறியத் தாருங்கள்.’ கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். லேபிள் இலவசம் என்றாலும், இங்கிருந்து அமெரிக்காவுக்குப் போய் வருகிற செலவு அந்த 2 சதத்தின் விலையைப் போலப் பல மடங்கு. அதை ஏற்க மாட்டோம் என்று பதில் வந்தால், முகவர் அடுத்த கட்டு அனுப்பும்வரை பொறுத்திருந்து அதோடு அனுப்புங்கள். இந்தக் காசுக்காகத் தனிப் பொதி அனுப்புவது வீண் செலவு.

ஸ்லாப்பை மட்டும் உடைக்க வேண்டாம். உடைத்த பிறகு அந்தக் காசுதான் அதற்குள் இருந்தது என்று சொல்ல உங்களுக்குச் சாட்சி இல்லை. நிறுவனத்தின் உத்தரவாதமும் அத்தோடு போய்விடும்.

இனி 50 சதம். இதை எழுதத்தான் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

உங்கள் வீட்டு யன்னலோரம் வெளிச்சம் சாய்வாக விழும் இடத்தில், பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் லென்ஸ் வைத்து அந்தக் காசைப் பார்த்தேன். ஸ்லாப்பை மெல்லத் திருப்பத் திருப்ப, ஆறாம் ஜோர்ஜ் மன்னரின் முகத்துக்கு முன்னால் எழுத்தோ உருவமோ இல்லாத வெறும் பரப்பில் மயிர் போன்ற கீறல்கள் மினுங்கின. ஒன்றிரண்டு இல்லை, நூற்றுக்கணக்கில், எல்லாம் ஒரே பக்கமாக ஓடுகின்றன. கன்னத்திலும் அதே கீறல்கள். ஆனால் ‘எம்பரர்’ என்ற சொல்லின் எழுத்துகளுக்கு இடையில், விரல் நுழையாத இடுக்குகளில், பழைய கபில நிறம் அப்படியே இருக்கிறது. பையில் உரசிய காசில் கீறல்கள் எல்லாத் திசையிலும் கிடக்கும். ஒரே திசையில் ஓடினால், கை வைத்துத் தேய்த்திருக்கிறது என்று அர்த்தம்.

நான் கேட்டபோது நீங்களே சொன்னீர்கள். போத்தல் மூடி துருப்பிடித்து உள்ளே ஈரம் போயிருந்தது. அந்த வருடம் வற்றாப்பளைப் பொங்கலுக்கு முதல் நாள் குத்துவிளக்கையும் செம்பையும் புளியும் சாம்பலும் போட்டு மினுக்கியபோது, காசுகளையும் அதே சட்டியில் போட்டுத் தேய்த்தீர்கள். அவர் ஆசையாக வைத்திருந்த பொருள் பாசி பிடித்துக் கிடக்கக் கூடாது என்றுதானே செய்தீர்கள். எந்த வீட்டிலும் அதைத்தான் செய்திருப்பார்கள். 1943ஆம் ஆண்டு 50 சதம் பித்தளைச் சாதி என்பதால் புளிக்குப் பொன்போல மினுங்கியும் இருக்கும்.

ஆனால் காசு அடிக்கும்போது உலோகம் அச்சுக்குள் நெருக்கிப் பாய்வதால் அதன் மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய வரிகள் உண்டாகும். புதுக்காசைச் சுழற்றும்போது ஒளி சக்கரம் போல ஓடுவது அந்த வரிகளால்தான். புளியின் அமிலம் அந்தத் தோலைத் தின்றுவிடும், சாம்பல் மிச்சத்தை அராவிவிடும். போனது திரும்ப வராது. தரம் பார்ப்பவர்கள் இப்படிப்பட்ட காசுக்குப் புள்ளி போடுவதில்லை. அசல்தான் என்று உறுதி சொல்லி, தேய்மான அளவைச் சொல்லால் குறித்து, காரணத்தையும் லேபிளில் எழுதி அடைத்துவிடுவார்கள். உங்களுடையதுக்கும் அதைத்தான் செய்திருக்கிறார்கள். அவர்கள் பார்த்தது சரி. மகன் இதற்காக இன்னொரு முறை பணம் கட்டி மீள்பரிசீலனைக்கு அனுப்ப வேண்டாம். எத்தனை முறை அனுப்பினாலும் அந்தக் கீறல் அங்கேதான் இருக்கும்.

போத்தலில் மிச்சம் இருக்கும் காசுகளில் இனிக் கை வைக்காதீர்கள். மண் ஒட்டியிருந்தாலும் பரவாயில்லை. புத்தகக் கடையில் விற்கும் மெத்தென்ற பிளாஸ்டிக் உறைகளிலும் போடாதீர்கள். அவற்றில் பிவிசி கலந்திருந்தால் எங்கள் வெயிலுக்குக் கசிந்து, காசில் பச்சைப் பசை போலப் படியும். கடதாசி உறை போதும், ஒவ்வொன்றும் தனித்தனியாக.

கேள்வி: ஆறு காசுகளை முகவரிடம் கொடுத்துப் பதினொரு மாதம் ஆகிறது. நிறுவனத்தின் தளத்தில் 40 நாள் என்று போட்டிருக்கிறது. முகவரைக் கேட்டால் ‘அங்கே சுணக்கம்’ என்கிறார். காசு போய்விட்டதா? பொலிஸுக்குப் போகலாமா?
(வாசகர், வவுனியா)

பதில்: பொலிஸுக்குப் போவதற்கு முன்னால் ஒரு கடதாசியை எடுத்து அந்தப் பதினொரு மாதத்தைத் துண்டு துண்டாகப் பிரியுங்கள். நான் தபாலில் முப்பத்திரண்டு வருடம் வேலை செய்தவன். ‘கடிதம் பிந்திவிட்டது’ என்று யார் வந்தாலும் நான் கேட்ட முதல் கேள்வி ‘எங்கே பிந்தியது’ என்பதுதான். அது தெரியாமல் யாரையும் பிடிக்க முடியாது.

தளத்தில் போட்டிருக்கும் 40 நாள் என்பது வேலை நாள். சனி, ஞாயிறு, அவர்களின் விடுமுறைகளைக் கழித்தால் அது எட்டுக் கிழமைக்கு மேல். அந்தக் கணக்கும் பொதி போய்ச் சேர்ந்த நாளில் தொடங்குவதில்லை. பொதியைத் திறந்து, படிவத்தோடு ஒப்பிட்டு, கணினியில் பதிந்த பிறகுதான் தொடங்கும். வேலை குவிந்திருக்கும் காலத்தில் திறக்காமலே கிழமைக்கணக்கில் கிடக்கும். பதிந்த பிறகும், ஒரு கட்டில் இருக்கும் எல்லாக் காசும் முடிந்தால்தான் அந்தக் கட்டு வெளியே வரும். உங்கள் ஆறு காசும் ஒரே நாளில் முடிந்திருக்கலாம். அதே கட்டில் வேறொருவரின் அபூர்வமான காசு ஒன்றின் வகையைத் தீர்மானிக்க முடியாமல் வைத்திருந்தால், உங்களுடையதும் அதற்குப் பக்கத்தில் காத்துக் கிடக்கும்.

இது அமெரிக்காவில் நடப்பது. இங்கே நடப்பது என்னவென்றால், முகவர் ஐம்பது, நூறு காசு சேரும்வரை பொறுப்பார். அனுப்பும் செலவைப் பங்கு போடுவதற்கு அது தேவையும்கூட. அதில் தப்பில்லை, சொல்லிவிட்டுச் செய்தால். பலர் சொல்வதில்லை என்பதுதான் என் மனவருத்தம். ‘அங்கே சுணக்கம்’ என்று சொன்ன சில கட்டுகள் கொழும்பில் லாச்சிக்குள் இருந்ததை நான் அறிவேன்.

ஆகவே முகவரிடம் சண்டை பிடிக்காமல் மூன்று விசயங்களை எழுத்தில் கேளுங்கள். பொதி இலங்கையை விட்டுப் போன திகதி. அதன் தடமறி இலக்கம். நிறுவனம் கொடுத்த ஓடர் இலக்கம். ஓடர் இலக்கம் கிடைத்தால் நீங்களே தளத்தில் போட்டுப் பார்க்கலாம். வந்து சேர்ந்தது, தரம் பார்க்கப்படுகிறது, அடைக்கப்படுகிறது, அனுப்பப்பட்டது என்று படிப்படியாகக் காட்டும். ஓடர் இலக்கம் தர முடியாது என்று அவர் சொன்னால், காசு இன்னும் நாட்டை விட்டுப் போகவில்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள். அப்போது, கொடுத்தபோது எழுதி வாங்கிய பற்றுச்சீட்டோடு நேரில் போங்கள். பற்றுச்சீட்டு இருக்கிறதுதானே? உங்கள் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லாதது எனக்குக் கவலையாக இருக்கிறது.

தபாலில் அனுப்பியிருந்தால் இன்னொன்று. வெளிநாட்டுக்குப் போன பதிவுத்தபால் கிடைக்கவில்லை என்று விசாரணை கேட்க, அனுப்பிய நாளுக்கு மறுநாளில் இருந்து ஆறு மாதம்தான் தவணை. இது உலகத் தபால் ஒன்றியத்தின் விதி, எல்லா நாட்டுக்கும் பொது. உங்கள் விசயத்தில் பதினொரு மாதம் ஆகிவிட்டது. முகவர் எந்தத் திகதியில் அனுப்பினார் என்பது இதனால்தான் முக்கியம். அவர் ஏழு மாதம் வைத்திருந்துவிட்டு அனுப்பியிருந்தால் உங்களுக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. மூலப் பற்றுச்சீட்டை வைத்திருப்பவர் அவர் என்பதால் விண்ணப்பத்தை அவரைக் கொண்டு கொடுக்கச் செய்யுங்கள். அதே விதிகளின்படி காப்புறுதி இல்லாத கடிதத்துக்குள் நாணயம் வைக்கவும் கூடாது. ‘கடிதத்துக்குள் போட்டு அனுப்பிவிடலாம், யாருக்கும் தெரியாது’ என்று சொல்லும் ஆளிடம் காசைக் கொடுக்காதீர்கள். தொலைந்தால் கேட்க வாயிருக்காது.

கடைசித் துண்டு சுங்கம். திரும்பி வரும் பொதியைப் புதிதாக இறக்குமதி செய்த பொருளாகக் கருதி வரி கேட்க இடமுண்டு. இங்கிருந்து போன அதே பொருள்தான் என்று காட்ட, போகும்போது கொடுத்த பத்திரமும் படங்களும் வேண்டும். முகவர் அந்தப் பத்திரத்தைக் கவனமில்லாமல் எழுதியிருந்தால் பொதி அங்கே கிடக்கும். இதையும் கேட்டுப் பாருங்கள்.

நிறுவனத்திலேயே பிந்தியிருக்கிறது என்று உறுதியானால், நட்டஈடு எதிர்பார்க்காதீர்கள். தளத்தில் போடும் நாட்கணக்கு ஒரு மதிப்பீடு மட்டுமே. எந்தத் திகதிக்குள் முடியும் என்று கேட்டு எழுதுங்கள். தரம் பார்க்காமலே திருப்பித் தரச் சொல்லியும் கேட்கலாம். ஆனால் இத்தனை மாதம் காத்திருந்த வரிசையை விட்டு வெளியே வருகிறீர்கள் என்பதை யோசித்துச் செய்யுங்கள்.

கேள்வி: என் ஒரு ரூபாக் குத்தி 65 வரும் என்று நம்பியிருந்தேன். 63 போட்டிருக்கிறார்கள். இது பிழை இல்லையா?
(வாசகர், நெடுங்கேணி)

பதில்: இல்லை தம்பி. 60க்கு மேல் போட்டிருக்கிறார்கள் என்றால் புழங்காத காசு என்று ஒப்புக்கொண்டுவிட்டார்கள். 63க்கும் 65க்கும் இடையில் இருப்பது ஒன்றிரண்டு கீறல், ஒளியின் பொலிவு, பார்ப்பவரின் கண். ஒருவருக்கு மேற்பட்டவர்கள் தனித்தனியே பார்த்துத்தான் புள்ளி முடிவாகிறது. வருடம் மாறினால் பிழை. புள்ளி மாறினால் அது அபிப்பிராயம். கட்டணம் கட்டி மறுபடி பார்க்கச் சொல்ல வழி உண்டு. ஆனால் 1963க்குப் பிந்திய எங்கள் ஒரு ரூபாக் குத்திகளில் இரண்டு புள்ளிக்குக் கிடைக்கும் விலை வித்தியாசம் அந்தக் கட்டணத்துக்கே காணாது. அந்தப் பணத்துக்கு நல்ல லென்ஸ் ஒன்று வாங்குங்கள்.

கேள்வி: முதல் தடவையாக அனுப்பப் போகிறேன். பிற்பாடு பிரச்சினை வராமல் இருக்க இப்போதே என்ன செய்து வைக்க வேண்டும்?
(வாசகர், கிளிநொச்சி)

பதில்: இதற்கு என் கதையையே சொல்கிறேன்.

1957இல் புத்த ஜயந்தி 2500ஆம் ஆண்டு நினைவாக வெளியிட்ட 5 ரூபா வெள்ளிக் குத்தி ஒன்று அப்பாவிடம் இருந்தது. பெரிய காசு, 28 கிராமுக்குச் சற்று மேல். நான் சின்னனாக இருக்கும்போது அதைச் சீமெந்துத் திண்ணையில் உருட்டிவிட்டேன். படியில் விழுந்து விளிம்பில் ஒரு நசிவு. கடிகாரத்தில் நாலு மணி இருக்கும் இடத்தில், அரை அரிசி அளவு. அப்பா என்னை அடிக்கவில்லை. அந்த இடத்தைப் பெருவிரலால் தடவிப் பார்த்துவிட்டு உள்ளே வைத்துவிட்டார். இடம்பெயர்ந்து போன ஒவ்வொரு முறையும் அந்தக் காசு எங்களோடு வந்தது.

சில வருடங்களுக்கு முன் அதை ஒரு முகவர் மூலம் தரம் பார்க்க அனுப்பினேன். அனுப்புமுன் நகைக்கடையில் நிறுத்து எழுதி, இரண்டு பக்கமும், விளிம்பில் நசிவு இருக்கும் இடத்தையும் கிட்டவாகப் படம் எடுத்து வைத்திருந்தேன். திரும்பி வந்த ஸ்லாப்பில் 62 என்று போட்டிருந்தது. 55 வந்தாலே அதிகம் என்று இருந்த எனக்கு அது ஆச்சரியம். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். நாலு மணி இடத்தில் விளிம்பு மழமழவென்று இருந்தது. சுற்றிச் சுற்றிப் பார்த்தேன், நசிவு எங்கும் இல்லை.

என் கையில் இருந்தது என்னுடையதைவிட நல்ல காசு. விற்றால் கூடிய விலை போகும். பேசாமல் வைத்துக்கொள் என்று சொன்னவர்களும் உண்டு. ஆனால் அப்பா தடவிப் பார்த்த காசு அதுவல்ல.

அந்தக் கோபத்தில் நான் செய்தது பிழை. படங்களை இணைத்து, ‘என் காசை மாற்றிவிட்டீர்கள்’ என்று நேரே அமெரிக்க நிறுவனத்துக்குக் கடுமையாக எழுதிவிட்டேன். பத்து நாளில் பதில் வந்தது. அவர்கள் அடைத்த பிறகு எடுத்த படங்களை அனுப்பியிருந்தார்கள். அதே ஓடரில் அடுத்த இலக்கத்தில் இன்னொரு 1957 ஐந்து ரூபா, நாலு மணி இடத்தில் என் நசிவோடு, 53 என்று புள்ளி போட்டு. இரண்டு லேபிளும் சரி. முகவர் கட்டைப் பிரித்துக் கொடுக்கும்போதுதான் ஆள் மாறிக் கொடுத்திருக்கிறார். என்னுடையது மட்டக்களப்பில் ஒருவரிடம் போயிருந்தது. அவரும் நல்ல மனிதர். தன் காசுக்கு ஏன் இவ்வளவு குறைவான புள்ளி என்று யோசித்துக்கொண்டே இருந்திருக்கிறார். ஐந்து கிழமையில் இரண்டும் இடம் மாறின. நிறுவனத்துக்கு மன்னிப்புக் கேட்டு இன்னொரு கடிதம் எழுதினேன்.

அந்த விளிம்புப் படம் இல்லையென்றால் நான் சொன்னதை யாரும் நம்பியிருக்க முடியாது. ஸ்லாப்புக்குள் போன காசைத் திரும்ப நிறுக்கவும் முடியாது. ஆகவே தம்பி, கையை விட்டுப் போகுமுன் உங்கள் காசுக்கு மட்டும் உரிய அடையாளத்தைத் தேடிப் பிடியுங்கள். ஒரு புள்ளி, ஒரு கீறல், ஒரு கறை, ஏதாவது இருக்கும். அதைப் படம் எடுங்கள். வெயிலில் வைத்து எடுக்காதீர்கள், மினுக்கத்தில் ஒன்றும் தெரியாது. காலையில் வாசல் நிழலில் வெள்ளைத் தாள் விரித்து எடுங்கள். இரண்டு தசமம் காட்டும் தராசில் நிறுத்து, நிறையை அந்தத் தாளிலேயே எழுதி அதோடு ஒரு படம். படிவத்தை முகவரே நிரப்புவார் என்று விடாமல், நாடு, வருடம், பெறுமதியை உங்கள் கையால் எழுதிக் கொடுத்துப் பிரதி வாங்குங்கள். பெறுமதியைக் குறைத்துப் போட்டால் கட்டணம் குறையும் என்று சொல்வார்கள். உண்மைதான். காசு தொலைந்தால் கிடைக்கும் நட்டஈட்டுக்கும் அந்தக் குறைத்த தொகைதான் எல்லை.

வந்து சேர்ந்ததும் முகவரின் முன்னாலேயே பிரித்து, படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு ஒப்பம் வையுங்கள். நான் அன்றைக்கு வீட்டுக்குக் கொண்டுபோய்த்தான் பார்த்தேன்.

கேள்வி: எங்கள் வளவில் கிணறு வெட்டும்போது விஓசி அடையாளம் போட்ட செப்புக் காசு ஒன்று கிடைத்தது. இதே மாதிரிக் காசை வைத்திருக்கும் நண்பர், அதைத் தரம் பார்த்தபோது லேபிளில் இலங்கை என்று போடாமல் நெதர்லாந்து கிழக்கிந்தியா என்று போட்டுவிட்டார்கள் என்கிறார். என்னுடையதை அனுப்பும்போது இந்தப் பிழை வராமல் எப்படிச் சொல்லி அனுப்புவது?
(வாசகர், முல்லைத்தீவு)

பதில்: நண்பருக்கு வந்தது பிழை இல்லை. விஓசி என்பது ஒல்லாந்தரின் கிழக்கிந்தியக் கம்பனி. நீங்கள் படத்தில் காட்டியிருக்கும் ‘டொய்ட்’ காசை ஒல்லாந்து, சீலாந்து, உட்ரெக்ட் முதலிய மாகாணங்களின் அக்கசாலைகளில் அடித்து, கம்பனி ஆண்ட இடங்களுக்கெல்லாம் கப்பலில் அனுப்பினார்கள். ஒரு பக்கத்தில் இருக்கும் கேடயம் அந்த மாகாணத்தின் சின்னம். காசு எங்கே கிடைத்தது என்பதை வைத்து லேபிள் எழுதுவதில்லை, எங்கே, யாருக்காக அடித்தது என்பதை வைத்துத்தான் எழுதுவார்கள். இலங்கையிலேயே ஒல்லாந்தர் அடித்த ஸ்டூவர் காசுகள் வேறு.

ஆனால் உங்கள் கேள்வியில் அதைவிடப் பெரிய விசயம் இருக்கிறது. தயவுசெய்து அந்தக் காசை எங்கும் அனுப்பாதீர்கள். 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டப்படி, 1815 மார்ச் 2க்கு முந்திய பொருள்கள் தொல்பொருள்கள். கண்டிய ஒப்பந்தம் கைச்சாத்தான நாள் அது. காசுகளும் அதற்குள் அடங்கும். நிலத்துக்குள் இருந்து புதிதாகக் கிடைக்கும் தொல்பொருள் அரசுக்கு உரியது. கண்டெடுத்தவர் அறிவிக்க வேண்டும். அனுமதிப்பத்திரம் இல்லாமல் நாட்டுக்கு வெளியே அனுப்புவது குற்றம், தரம் பார்த்துத் திரும்பி வருவதற்காக என்றாலும். ‘பரவாயில்லை, நான் அனுப்புகிறேன்’ என்று எந்த முகவராவது சொன்னால் அவரிடம் வேறு காசையும் கொடுக்க வேண்டாம். சேது என்று எழுத்துப் பொறித்த யாழ்ப்பாண அரசர்களின் காசு கிடைத்தவர்களுக்கும் இதுவே பொருந்தும்.

கிராம சேவையாளரிடம் சொல்லி, பிரதேச செயலகம் ஊடாகத் தொல்பொருள் திணைக்களத்துக்கு அறிவியுங்கள். அதற்கு முன், கிணற்றில் எத்தனை அடி ஆழத்தில், எந்த மண்ணில், ஓட்டுத் துண்டு ஏதாவது பக்கத்தில் கிடந்ததா என்று வெட்டியவர்களைக் கேட்டு இன்றைக்கே எழுதி வையுங்கள். அள்ளிக் கொட்டிய மண் இன்னும் வளவில்தான் கிடக்கிறது என்றால், மழைக்கு முன் ஒரு முறை அரித்தும் பாருங்கள். காசைக் கழுவ வேண்டாம்.